ஆயுத பூஜை விடுமுறையா, தீபாவளியா: ஊரில் எல்லோரும் கூடுவது எப்போது?

கல்லிடைக்காரன் (தாம்பரம்)

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஆகஸ்ட் 17-க்குள் முடித்தாக வேண்டும். அன்று காலை 8 மணிக்கு அக்டோபர் 16 வெள்ளிக்கிழமை ரயில்களுக்கு முன்பதிவு திறக்கிறது. நெல்லைச் சீமைக்காரர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வீடுகளில் இதை எப்படித் தீர்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் அம்மாவும் பெரிய அண்ணனும் மதினியும் இருக்கிறார்கள். அக்கா தென்காசியில். தாய்மாமா பாளையங்கோட்டையில். அத்தை திருச்செந்தூரில், அப்பாவுடன் பிறந்தவர்களில் இப்போது இருப்பவர் அவர் ஒருவர்தான். நான் தாம்பரத்தில், தங்கை புனேயில். அப்பா இருந்தவரை தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வந்தே ஆக வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. விடியும் முன்னே பட்டாசலில் (கூடத்தில்) பலகை போட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைப்பார். மறுநாள் பாளை மாமா வீடு. அடுத்து திருச்செந்தூர். கந்த சஷ்டி விரதம் இருக்கும் பெரியவர்கள் அத்தை வீட்டிலேயே தங்கிவிடுவார்கள், மற்றவர்கள் திரும்புவோம்.

இந்த ஆண்டு, 2026-இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய சனிக்கிழமை ஒன்றுதான் கையில் இருக்கிறது. புனேயிலிருந்து வரும் தங்கைக்கு வழியிலேயே பண்டிகை முடிந்துவிடும். ஆயுத பூஜையோ அக்டோபர் 19 திங்கள், விஜயதசமி 20 செவ்வாய். சனி, ஞாயிறு சேர்ந்து நான்கு நாட்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. சென்ற ஆண்டு விஜயதசமி அக்டோபர் 2-ஆம் தேதியே வந்து காலாண்டு விடுமுறைக்குள் அடங்கிவிட்டது. இந்த ஆண்டு இடையில் ஓர் அதிக மாதம் வந்ததால் நவராத்திரி பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. காலாண்டு விடுமுறை வழக்கம்போல் செப்டம்பர் கடைசியில் விடப்பட்டால் பிள்ளைகளுக்கு அது தனி, பூஜை விடுமுறை தனி.

நான் சொல்வது இதுதான். இனி ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜையை ஒட்டி அம்மா வீட்டில் கூடுவோம். தீபாவளியை அவரவர் இருக்கும் ஊரில் வைத்துக்கொள்வோம். அண்ணன் ஒப்பவில்லை. “தீபாவளிக்குப் பிள்ளைகள் யாரும் வராவிட்டால் அம்மாவுக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மனம் வருமா?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பாளைச் சப்பரம்

தம்பி, இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், தசரா என்ற சொல்லே இல்லையே! தாய்மாமா பாளையில் இருக்கிறார், நீங்கள் விஜயதசமிக்கு ஊருக்கு வருகிறீர்கள், சப்பரம் பார்க்காமல் திரும்புவதாகத் திட்டமா?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாளையில் நவராத்திரி ஒன்பது நாளும் அம்மன் கோவில்களில் கொலு இருக்கும். விஜயதசமி இரவு பன்னிரண்டு அம்மன்களும் சப்பரத்தில் எழுந்தருளுவார்கள். ஆயிரத்தம்மன்தான் தலைமை. தூத்துவாரி அம்மன், முப்பிடாதி அம்மன், உச்சினிமாகாளி, உலகம்மன் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். மேளமும் நையாண்டியும் தெருவை நிறைக்க, சப்பரம் ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு நகரும். எங்கள் வளவில் அன்றிரவு யாரும் படுப்பதில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் பிறந்த வீட்டு வாசலில் நின்று அம்மனை வரவேற்பார்கள். தீபாவளிக்குப் புகுந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் மாமியார்கள்கூட சப்பரத்துக்கு அனுப்பிவைத்துவிடுவார்கள். அதனால்தான் எங்கள் அக்கா தங்கைகள் ஒன்றாகக் கூடுவது தீபாவளியில் இல்லை, தசராவில்தான். விடிந்த பிறகு எல்லாச் சப்பரங்களும் ராமசாமி கோவில் திடலில் வரிசை கட்டி நிற்கும். பிறகு எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம்.

ஒரே சிக்கல், இதற்காக 21-ஆம் தேதி புதன்கிழமைக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். எடுங்கள். மாமா வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நின்று பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு இரவு வயதான பிறகும் நினைவிருக்கும்.

தொலியுளுந்து

கல்லிடை அண்ணாச்சி, நீங்கள் பட்டியலிட்ட ஊர்களையும் உறவுகளையும் படித்தேன். மதினி என்ன சொல்கிறார் என்பதை மட்டும் காணவில்லை.

நான் சேரன்மகாதேவி வீடு ஒன்றின் மூத்த மருமகள். உங்கள் மதினி இருக்கும் இடத்தில் இருப்பவள். ஊரில் இருக்கும் மருமகளுக்குத்தான் இந்தக் கூடுகையின் பாரம் முழுவதும் தெரியும். தீபாவளி என்றால் ஒரு வாரம் முன்பே அரிசி ஊறப்போட்டு இடித்து, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி மாவைப் புளிக்கவைத்து, முறுக்கு, தட்டை, முந்திரிக்கொத்து என்று அடுப்பின் முன்னே நிற்க வேண்டும். பாசிப்பயற்றை வறுத்து உடைத்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டி எண்ணெயில் போட்டு எடுக்கும் முந்திரிக்கொத்துக்குக் கை எவ்வளவு வலிக்கும் என்பது உருட்டினவளுக்குத்தான் தெரியும். வருகிறவர்கள் அன்போடுதான் வருகிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் வீட்டு முன்புறத் தார்சாவில் உட்கார்ந்து பழைய கதை பேசும் நேரத்தில் நான் அங்கணத்தில் சருவம் தேய்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கதைகளில் பாதியை நான் இன்றுவரை கேட்டதில்லை. எனக்கும் கேட்க வேண்டும் என்று ஆசை.

தசராவோ தீபாவளியோ, நாள் குறிப்பதற்கு முன்பே யார் சமைப்பது, யார் பாத்திரம் தேய்ப்பது, பலசரக்குச் செலவு யாருடையது என்று பேசிவிடுங்கள். ஊரில் இருக்கும் அண்ணன் தலையிலேயே செலவு முழுவதும் விழுவது பல வீடுகளில் நடக்கிறது. கேட்க வெட்கப்பட்டு அவர்கள் கேட்பதில்லை.

பிசானம்

தம்பி கல்லிடைக்காரன், நான் உங்கள் பக்கத்து ஊர்தான், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் விவசாயம். அண்ணன் பயிர் செய்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. செய்கிறார் என்றால் நாள் குறிப்பதில் வயலுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம்முடைய தாமிரபரணி ஆற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். ஆனியில் தொடங்கும் கார், புரட்டாசியில் அறுவடை முடிந்துவிடும். அம்பை 16 நெல் போட்டவர்கள் களத்தில் அள்ளி முடித்துக் கொஞ்சம் மூச்சு விடும் காலம் அது. கையில் பணமும் இருக்கும், புது அரிசியும் இருக்கும். ஐப்பசியில் அடைமழை தொடங்கியதும் பிசானத்துக்கு நாற்றுப் பாவி, உழுது, வரப்பு வெட்டி, நடவுக்கு ஆள் தேடி அலைய வேண்டும். தீபாவளி சரியாக அந்த அலைச்சலுக்கு நடுவில் வரும். என் தம்பிமார் தீபாவளிக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது நான் தொழி வயலில் நிற்பேன். அவர்களுக்கு வருத்தம், எனக்கும் வருத்தம். அந்தக் கணக்கில் பார்த்தால் நீங்கள் சொல்லும் அக்டோபர் நாட்கள் நல்லவை. விஜயதசமி இந்த ஆண்டு ஐப்பசி பிறந்த பிறகுதான் வருகிறது, ஆனாலும் நடவுக்கு முந்தித்தான்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் கண்ட வழியைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முறை வைத்துக்கொண்டோம். ஓர் ஆண்டு ஒரு தம்பி குடும்பம் அம்மாவோடு தீபாவளி, அடுத்த ஆண்டு இன்னொருவர். மீதிப் பேர் பூஜை விடுமுறைக்கு. முறைக்கு உரியவர் அந்த ஆண்டு எந்தக் காரணமும் சொல்லக் கூடாது. அம்மா ஒரு பிள்ளைக்காகவும் எண்ணெய்ச் சட்டி வைப்பாள். ஒருவரும் இல்லாவிட்டால்தான் வைக்கமாட்டாள்.

பிள்ளைகளைப் படித்துறைக்கு அழைத்துப் போகும்போது கவனம் வேண்டும். ஐப்பசியில் ஊரில் வெயில் அடித்தாலும் மேலே காரையாறு, சேர்வலாறு அணைகள் பக்கம் மழை பெய்திருக்கும். தண்ணீர் கலங்கி, குப்பையும் செத்தையும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேறிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது இந்த ஆறு எப்படி வந்தது என்பதை நம் மக்கள் யாரும் மறக்கமாட்டார்கள்.

தண்டவாளம்

பயணச் சீட்டு பற்றி மட்டும் சொல்கிறேன். முன்பு 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்கள் ஆகிவிட்டது. எனவே அக்டோபர் 16-க்கு ஆகஸ்ட் 17 என்று நீங்கள் போட்ட கணக்கு சரி. திரும்புவது 21-ஆம் தேதி என்றால் ஆகஸ்ட் 22. தீபாவளிக்கு முந்தைய வெள்ளி, நவம்பர் 6-க்கு செப்டம்பர் 7. போக, வர இரண்டு நாளையும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள். பலர் போகும் சீட்டை எடுத்துவிட்டு வரும் சீட்டை மறந்துவிட்டு ஆம்னி பஸ்ஸுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸ் கிடைக்காவிட்டால் பொதிகை எக்ஸ்பிரஸைப் பாருங்கள். அது ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கே போகிறது, உங்கள் அக்கா வீட்டில் இறங்கி அங்கிருந்து கல்லிடைக்கு வரலாம். பெரியவர்கள் இரவுப் பயணம் வேண்டாம் என்றால் 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் இருக்கிறது, பகலிலேயே சென்னைக்கும் நெல்லைக்கும் இடையே ஏறக்குறைய எட்டு மணி நேரம்தான். நெல்லை சந்திப்பிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் போவது எனக்கு மிகவும் பிடிக்கும். 2012-இல் அகலப்பாதையான அந்தத் தடத்தில் சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை என்று ஒவ்வொரு நிலையமாகப் பொதிகை மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும். வலது பக்கம் உட்காராதீர்கள், இடது பக்கத்தில்தான் மலை.

கல்லிடைக்காரன் (தாம்பரம்)

எல்லோருக்கும் நன்றி. தொலியுளுந்து அக்கா, உங்கள் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் உடனே மதினிக்குத் தொலைபேசி செய்தாள், நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மதினிக்குத் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் ஏற்பு. பலகாரச் சுமை இல்லை, சுண்டலும் பொரியும் சர்க்கரைப் பொங்கலும் போதும் என்கிறார். ஆனால் அதையே அண்ணனிடம் நேராகச் சொல்ல அவருக்குத் தயக்கம்.

பிசானம் அண்ணாச்சி, அண்ணன் பயிர் செய்கிறார், கன்னடியன் பாசனம்தான். முறை வைக்கும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த ஆண்டு முறை என்னுடையது என்று நானே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

குற்றாலச் சாரல்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கல்லிடைக்காரன் தம்பி. எல்லோரும் அம்மா வீட்டில் கூடுவது என்று முடிவாகும்போது உங்கள் திருச்செந்தூர் அத்தை எங்கே போகிறார்? அந்த வயதில் அவரால் கல்லிடைக்கு வர முடியுமா?

நம் ஊர் வழக்கத்தில் விடுமுறை என்றால் வீட்டுக்கு வீடு போவது. எங்கள் வீட்டில் காலாண்டு விடுமுறைக்கு அம்மா எங்களை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போவாள். சுரண்டையில் பெரியம்மா, கடையநல்லூரில் சித்தி, சங்கரன்கோவிலில் ஆச்சி. போகும் வீட்டில் அவர்கள் சமையல், அவர்கள் பாய், அவர்கள் கிணற்றுத் தண்ணீர். சுரண்டைப் பெரியம்மா வீட்டுக் கூட்டாஞ்சோறும் சங்கரன்கோவில் ஆச்சி வீட்டு உளுந்தங்களியும் வேறு எங்கும் கிடைக்காது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் குழி நிறைய ஊற்றி அந்தக் களியை ஆச்சி கையில் உருட்டிக் கொடுப்பாள். ஒரே இடத்தில் எல்லோரும் கூடினால் எல்லோரையும் பார்த்துவிடலாம், உண்மைதான். ஆனால் ஒருவரோடும் உட்கார்ந்து பேச முடியாது. படுக்கையில் இருக்கும் பெரியவர்களைத் தேடிப் போனால்தான் உண்டு. எங்கள் குடும்பம் இப்படி ஒரே இடத்தில் கூடத் தொடங்கிய பிறகு, நடக்க முடியாத ஒரு பெரியப்பாவைப் பல ஆண்டுகள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை, நாட்கள் போதவில்லை. அவர் காலமான செய்திதான் எல்லோரையும் அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது.

பிள்ளைகள் அக்கா வீட்டுக்கு வந்தால் குற்றாலம் கேட்பார்கள். சாரல் காலம் ஆனி, ஆடியோடு போயிற்று. ஐப்பசியில் கிழக்கிலிருந்து வரும் மழைக்கு அருவிகளில் திடீரென்று வெள்ளம் வரும், அப்போது குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தடை என்றால் தடைதான், ஐந்தருவியில் இல்லாவிட்டால் பழைய குற்றாலத்தில் பார்ப்போம் என்று அலைய வேண்டாம். தள்ளி நின்று பேரருவியைப் பார்க்கலாம், அதுவும் நல்ல காட்சிதான்.

மணப்பாட்டு அலை

வணக்கம். எங்களுடையது மணப்பாடு. எங்கள் குடும்பம் கூடுவது செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமைப் பெருவிழாவுக்கு. தூத்துக்குடி, மும்பை, வளைகுடா என்று எங்கிருந்தாலும் அன்று மணல்மேட்டுக் கோவிலில் இருக்கப் பார்ப்போம். எங்களுக்குத் தேதி மாறுவதில்லை, அதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

நான் எழுத வந்தது வேறு. சாரல் அண்ணன் சொன்னபடி திருச்செந்தூர் அத்தையைப் பார்க்கப் போனால் நாளைப் பார்த்துப் போங்கள். எங்களுக்குப் பக்கத்து ஊர் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோவில் தசராவின் பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். காளி, குறவன் குறத்தி, ராஜா ராணி, குரங்கு என்று வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிய மக்கள் அன்று அந்தக் காணிக்கையைக் கோவிலில் சேர்க்கத் திரளுவார்கள். தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களின் பாதி கிராமங்கள் அங்கே இருக்கும். அன்றும் மறுநாளும் திருச்செந்தூர் சாலையில் வண்டி நகராது. எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை அணிந்த தசராக் குழுக்காரர்கள் வந்து தண்ணீர் குடித்து இளைப்பாறிப் போவார்கள், என் பாட்டி காலத்திலிருந்து இது நடக்கிறது. வேடம் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை இருந்தால் அதற்காகக் குலசைக்கே போக வேண்டியதில்லை. முந்தைய நாட்களில் திருச்செந்தூர்த் தெருக்களிலேயே தாரை தப்பட்டையோடு குழுக்கள் வரும், அத்தை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். காளி வேடம் கட்டுகிறவர் பல நாட்கள் கடும் விரதம் இருந்து, தானே பொங்கி ஒரு வேளை உண்டு வருகிறவர். படம் எடுப்பதானால் பிள்ளைகளை அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

கீழ ரத வீதி

எல்லோரும் பாளை என்கிறீர்கள், குலசை என்கிறீர்கள், திருநெல்வேலி டவுனைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஐப்பசியில் காந்திமதி அம்மன் தவத்துக்காகக் கம்பை நதிக் காமாட்சி அம்மன் கோவிலுக்கு எழுந்தருளுவதும், நெல்லையப்பர் அங்கே போய்க் காட்சி கொடுப்பதும், ஆயிரங்கால் மண்டபத்தில் திருக்கல்யாணம் நடப்பதும் எங்கள் வீதிக்காரர்களுக்குச் சொந்த வீட்டுக் கல்யாணம். பெண் வீட்டார் நாங்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஊஞ்சல் ஆடும் அழகைப் பார்க்க வேலூரிலும் கோவையிலும் இருக்கும் என் நாத்தனார்கள் வந்துவிடுவார்கள். தீபாவளிக்கு முறை எடுத்து வருகிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். மாலையில் கோவிலுக்கு எதிரே சுடச்சுட அல்வா வாங்கி வாழையிலையில் வைத்து நின்றபடியே தின்றுவிட்டுப் போகலாம்.

தொலியுளுந்து

கல்லிடை அண்ணாச்சி, மதினி தயங்குகிறார் என்றால் நீங்கள் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வருகிற தம்பி சொல்லும் சொல்லுக்கு வீட்டில் ஒரு மதிப்பு உண்டு, அதை இந்த வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

சென்ற ஆண்டு நாங்கள் செய்தது இது. பெரிய விருந்து ஒரே ஒரு வேளை. அந்த வேளைக்குச் சமைக்கத் தவசிப்பிள்ளை ஒருவரை வைத்தோம். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து பாத்திரங்கள் வந்தன. தேய்த்துக் கொடுக்க ஓர் அம்மாவும் வந்தார். செலவை உடன்பிறந்தவர்கள் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். என்ன சமையல் என்றீர்களானால், சொதி. முப்பது பேருக்கு அதைவிட எளிதான விருந்து கிடையாது. பொரியல், கூட்டு, குழம்பு, ரசம் என்று அடுக்க வேண்டாம். தேங்காயில் மூன்று பால் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம், மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்பும், இஞ்சி பச்சை மிளகாய் அரைத்ததும் சேர வேண்டும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். ஆறிய பிறகுதான் எலுமிச்சை. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் கல்லிடை அப்பளமும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். உங்கள் ஊர் அப்பளத்தைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற வேளைகளுக்கு ஒரு நாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், இன்னொரு நாள் இட்லி. காலை இட்லியை ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். நன்றாகவே செய்தார்கள். நான் அன்று தார்சாவில் உட்கார்ந்து மாமியாரின் கல்யாணக் கதையை முதன்முறையாக முழுவதும் கேட்டேன்.

பாளைச் சப்பரம்

சொதி என்றதும் பசிக்கிறது. தம்பி, மாமா வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

கல்லிடைக்காரன் (தாம்பரம்)

நேற்றிரவு எல்லோரும் காணொளி அழைப்பில் பேசினோம். முடிவாகிவிட்டது, எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவலாம்.

சாரல் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு அத்தையைப் பற்றித்தான் முதலில் பேசினோம். அவரால் பயணம் செய்ய முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் வேண்டாம், செந்தூர் எக்ஸ்பிரஸ் என்று முடிவு செய்தோம். நேராகத் திருச்செந்தூரில் இறங்கி 17 சனிக்கிழமை முழுவதும் அத்தையோடு இருப்போம். தங்கையும் அங்கேயே வந்துவிடுவாள். அன்று புரட்டாசிக் கடைசிச் சனி. ஆழ்வார்திருநகரி அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. மாலை திரும்பும்போது இறங்கி உறங்காப்புளி மரத்தையும் ஆதிநாதப் பெருமாளையும் சேவிக்க வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். அந்தப் பக்கத்து ஒன்பது பெருமாள் கோவில்களான நவ திருப்பதிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதை முடிவு செய்வோம். இரவு கல்லிடை.

18 ஞாயிறு அம்மா வீட்டில் சொதி. தென்காசி அக்கா குடும்பமும் பாளை மாமாவும் வருகிறார்கள். சமையலுக்கு ஆள் வைக்கும் செலவு எங்கள் நால்வருக்கும் பொது. இதை நான் சொன்னபோது அண்ணன் “நம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காசு வாங்குவதா” என்று கோபப்பட்டார். அம்மாதான் “அவர்கள் விருந்தாளிகள் இல்லையே, இந்த வீட்டுப் பிள்ளைகள்தானே” என்று சொல்லி முடித்துவைத்தாள். மதினி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அழைப்பை வைத்த பிறகு என் மனைவிக்குத் தனியாகத் தொலைபேசி செய்து பலசரக்குப் பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்.

19 ஆயுத பூஜைக்கு வீட்டில்தான். அண்ணனின் மண்வெட்டி, அரிவாள், அப்பாவின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். 20 மாலை பாளை. சப்பரம் பார்க்கிறோம், சப்பரம் அண்ணாச்சி! 21 புதன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு முறை. இந்த ஆண்டு நானும் என் மகனும் மட்டும் ஊருக்குப் போகிறோம். அடுத்த ஆண்டு தங்கை, அதற்கடுத்து அக்கா. அண்ணன் இதற்கு உடனே ஒப்புக்கொண்டார், அவர் எதிர்பார்த்தது இவ்வளவுதான் போலிருக்கிறது. தலைதீபாவளி வரும் ஆண்டுகளில் முறை மாறும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தொலியுளுந்து அக்கா, உங்களுக்கு வந்த தவசிப்பிள்ளை கல்லிடை வரை வருவாரா? அம்பையில் அன்று முகூர்த்தம் இருந்தால் உள்ளூரில் ஆள் கிடைக்காது என்று அண்ணன் சொல்கிறார்.

தொலியுளுந்து

வருவார். வீரவநல்லூர்க்காரர்தான். தனிமடலில் எண் அனுப்புகிறேன். இப்போதே சொல்லிவையுங்கள், தேங்காயை மட்டும் நீங்களே வாங்குங்கள், முற்றின காயாகப் பார்த்து. இளசாக இருந்தால் பால் இறங்காது.

தண்டவாளம்

செந்தூர் எக்ஸ்பிரஸுக்கும் அதே ஆகஸ்ட் 17 காலை 8 மணிதான். பெயர், வயதுப் பட்டியலை முந்தின நாளே கணக்கில் ஏற்றி வைத்துவிடுங்கள்.